போர்டில் ஒட்டிய பொட்டு

பஞ்சவர்ணத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். மைசூரில் அவள் கூட்டிப் பெருக்கும் யுனிவர்சிட்டி முழுக்க அந்தப் பேச்சு உண்டு. "குடிச்சுட்டு வந்தா கதவு தெறக்காது" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் தாலிக்கே கழுத்தை நீட்டினாளாம். அந்த மாப்பிள்ளை, பெயின்டர் வேலாயுதம், மார்கழிக் குளிரில் ஒருமுறை வாசலில் படுத்துப் பார்த்தான். அதோடு திருந்திவிட்டான்.

தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். இந்த யுனிவர்சிட்டி லைப்ரரிக்குச் செங்கல் சுமந்தாள். கட்டி முடித்ததும் அதே லைப்ரரியைக் கூட்டுகிற வேலை கிடைத்தது, கான்ட்ராக்டில்.

அவளுக்கு இருந்த ஒரே குறை, கதவு. காலை பஸ்ஸில் சேலையோடு வருகிற பெண்கள் யூனிஃபார்ம் மாற்ற ஒரு ரூம் கிடையாது. வீட்டிலிருந்தே போட்டு வரலாமே என்றால், துணி வீட்டுக்குப் போனால் கரித்துணியாகிவிடும் என்று கான்ட்ராக்டர் சட்டம் போட்டிருந்தார். பாத்ரூமில் மாற்றலாமே என்றால், அது ஸ்டாஃப்புக்கு மட்டும். கழுவலாம், தாழ்ப்பாள் போடக் கூடாது. அதனால் மோட்டார் ரூமுக்குப் பின்னால் இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடிக்க, ஒவ்வொருத்தியாக மாற்றுவார்கள். போன மாதம் தேவம்மா மாற்றும்போது காற்று சேலையைத் தூக்கிவிட்டது. ஹாஸ்டல் மாடியிலிருந்து விசில் வந்தது. புருஷனை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறவள் தேவம்மா. அன்றைக்கு அவள் சோற்று டப்பாவைத் திறக்கவே இல்லை. பஞ்சவர்ணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெரிய போர்டு வந்தது. கட்டடம், தோட்டம் எல்லாம் சீர்படுத்தப் போகிறார்கள், எது முதலில் வேண்டும் என்று ஸ்டாஃப் சொல்லலாம். அலங்கார வளைவு, நீரூற்று, காருக்கு நிழல், மீட்டிங் ஹாலுக்கு ஏசி என்று வரிசையாகப் படங்கள். ஆளுக்குக் கொஞ்சம் பச்சை வட்ட ஸ்டிக்கர் கொடுத்து, பிடித்த படத்தின் கீழே ஒட்டச் சொன்னார்கள். கடைசிக் கட்டம் காலி. வேறு ஏதாவது வேண்டுமென்றால் அதில்.

பஞ்சவர்ணம் சூப்பர்வைசர் ரத்தினசாமியைப் பிடித்தாள். மாதேஸ்வரன் மலையில் மொட்டை போட்டதாகச் சொல்லிக்கொள்கிற ஆள். முடி தானாகவே கழன்றுகொண்டது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

"ஏனுங்கண்ணா, எங்க ஸ்டிக்கர் எங்கீங்க?"

"நீங்கெல்லாம் ஸ்டாஃப் இல்லம்மா. கான்ட்ராக்ட்டு."

"அப்ப கக்கூஸ் களுவறது ஆருங்க, பேயிங்களா?"

"வேலையப் பாரு, போ."

போனாள். லேடீஸ் பாத்ரூம் கண்ணாடிக்கு. மேடங்கள் முகம் கழுவிவிட்டுப் பொட்டை அங்கேயே ஒட்டிவிட்டுப் போவார்கள், பிளேடால் சுரண்டுவது இவள் வேலை. சுரண்டிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. பொட்டும் வட்டம்தானே, ஒட்டத்தானே செய்கிறது?

நேரே போர்டுக்குப் போனாள். அங்கே தொங்கிய பேனாவால் காலிக் கட்டத்தில் ஒரு கதவு வரைந்தாள். எழுத்து வராது, கதவு வரும். தாழ்ப்பாளை மட்டும் பெரிதாகப் போட்டாள். நெற்றிப் பொட்டை உரித்துப் பக்கத்தில் அழுத்தினாள்.

மதியத்துக்குள் கூட்டுகிற பெண்கள் எல்லோரும் ஒட்டிவிட்டார்கள். தேவம்மா மட்டும் தயங்கி நின்றாள். பிறகு விறுவிறுவென்று கேட்டுக்கு வெளியே போய், பல வருஷத்துக்கு அப்புறம் ஒரு பொட்டு அட்டை வாங்கி வந்தாள்.

"புருசன் போனா ஓட்டும் போயிருமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஒட்டினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கட்டட ஆபீசர் வேலை முடித்து நஞ்சன்கூடு கோயிலுக்குப் போகிற திட்டத்தோடும் பட்டை விபூதியோடும் வந்தார். வராந்தாவில் வரிசையாகப் பெண்கள், ஒருத்தி நெற்றியிலும் பொட்டில்லை. மனுஷனுக்குத் திக்கென்றது. கன்னடம் கலந்த தமிழில் பதறினார்.

"ஏனம்மா இது? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க சார். அவனவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறானுங்க. எங்க பொட்டு உங்க போர்டுல இருக்குது. கதவு வந்தா நெத்திக்கு வரும்" என்றாள் பஞ்சவர்ணம்.

ரத்தினசாமி பாய்ந்து வந்தார். "இதெல்லாம் செல்லாது! உரிச்செடு! இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

"வல்லீங்க. கண்ணாடிய நீங்களே சொரண்டிக்குங்க." துடைப்பத்தை அவர் காலடியில் வைத்தாள். பின்னால் டபடபவென்று மற்ற துடைப்பங்களும் விழுந்தன.

வேறு வழியில்லாமல் ரத்தினசாமியே நகத்தால் உரிக்க ஆரம்பித்தார். ஒன்று விரலில் ஒட்டியது. வேர்த்துக் கொட்டியதைத் துடைத்தார். பொட்டு நெற்றிக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா சார், அண்ணனும் நம்ம பக்கம்!" என்றாள் பஞ்சவர்ணம்.

ஆபீஸே வெளியே வந்து சிரித்தது. ஆபீசரும் வாயைப் பொத்திக்கொண்டு போர்டைப் பார்த்தார். அலங்கார வளைவின் கீழிருந்த பச்சையைவிடக் கதவைச் சுற்றி இருந்த சிவப்புதான் அதிகம். "பிடப்பா, பிடு" என்று கன்னடத்தில் ரத்தினசாமியிடம் உரிப்பதை விட்டுவிடச் சொன்னார்.

படிக்கட்டுக்குக் கீழேயிருந்த சாமான் ரூமைக் காலி செய்து கொடுத்தார்கள். பஞ்சவர்ணம் வாசலிலேயே நின்றுவிட்டாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

"இது சாமானுக்கு வெச்சது. மனுசிக்கு உள்பக்கம் வேணும்."

கார்பென்டர் வந்து மாற்றும் வரை ஒருத்தியும் உள்ளே போகவில்லை, துடைப்பத்தையும் தொடவில்லை.

அடுத்த நாள் காலை ரத்தினசாமி வழக்கம்போல அதட்டிக்கொண்டு வந்து கதவைத் தள்ளினார். அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். கடைசியில் தட்டினார்.

"ஆரது?"

"நாந்தாம்மா... ரத்தினசாமி."

"நில்லுங்க. பொட்டு வெச்சுட்டிருக்கறோம்."

நின்றார்.