ஜெசிந்தா படித்த வாசகம்

போன ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலில் இருந்தேன். வேண்டுதல் எதுவும் இல்லை. என்னிடம் படிக்கும் ஜெசிந்தா பூசையில் பைபிள் வாசகம் படிக்கிறாள், “நீங்க கண்டிப்பா வரணும்க்கா” என்று அவள் அம்மா அருள்மேரி சொல்லியிருந்தார். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் போன் எடுப்பதில்லை என்று என்னிடம் கோபித்துக்கொள்ளும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அந்த நேரத்தில் நான் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூட அறையில், படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். சோம்பேறிகள் இல்லை… மக்குகள் நிச்சயமாக இல்லை. டிஸ்லெக்சியா என்று டாக்டர்கள் சொல்கிற சிக்கல். எழுத்துகளோடு மல்லுக்கட்டி வரியின் முடிவுக்கு வருவதற்குள் ஆரம்பம் நழுவிப்போயிருக்கும்.

ஏழாவது படிக்கும் ஜெசிந்தா அப்படித்தான் வந்தாள். கோட்டையைப் பற்றி ஒரு சின்னப் பத்தி கொடுத்தேன். ‘கோட்டைக்குள் பெரிய தானியக் களஞ்சியம் இருந்தது.’ வியர்த்து விறுவிறுத்துப் படித்து முடித்தாள். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால்… முழித்தாள்.

இந்த வகுப்பில் அவசரம் கூடாது. ஒரு வரி படிக்க வேண்டும். புத்தகத்தை மூட வேண்டும். என்ன புரிந்தது என்று சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். யார், எங்கே, ஏன்? சொல்ல வராவிட்டால் படம் வரையலாம். பல மாதம் கழித்து மறுபடி அதே வரிக்கு வந்தபோது ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

“நெல்லு எல்லாம் கொட்டி வெப்பாங்களா மிஸ்? அந்தக் காலத்து கமிட்டியா?”

கமிட்டி என்றால் எங்கள் ஊரில் நெல்லும் வேர்க்கடலையும் ஏலம் போகிற விற்பனைக் கூடம். அருள்மேரி அங்கேதான் நெல் தூற்றுகிறார். அன்று யாரைப் பார்த்தாலும் நான் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, கோயிலுக்கு வருவோம்.

பூசையில் வாசகம் படிப்பது ஜெசிந்தாவின் ஊரில் லேசுப்பட்ட விஷயம் இல்லை. சொந்தபந்தம் எல்லாம் பார்க்கும். ‘படிப்பு ஏறாத பொண்ணு’ என்று பேர் எடுத்தவளுக்கு அந்த வாய்ப்பு வந்தால் விடுவார்களா? அருள்மேரி அந்த வாசகத்தை செல்போனில் ஓடவிட்டு, தானும் கூடவே உட்கார்ந்து, வாரம் முழுக்க மகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஜெசிந்தா மேடை ஏறினாள். குனிந்து ஒரு நிமிடம் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள் – தடுமாற்றமே இல்லை. வயல், மழை, விதை என்று கணீரென்று போனது குரல். எனக்கு அங்கே எதுவும் பழக்கமில்லை. அதனால் கையில் கொடுத்திருந்த, அன்றைய வாசகம் அச்சிட்ட தாளை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் மழையும் இல்லை, வயலும் இல்லை. திருவிழாக் கொடியேற்றத்துக்காக அன்றைய வாசகத்தை மாற்றியிருக்கிறார்கள். இவளிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.

யாராவது கவனித்தார்களா? சாமியார் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்… மறுபடி குனிந்துகொண்டார். மற்றவர்கள் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். படித்தது புரியவில்லை என்று பிள்ளைகளைத் தனி வகுப்புக்கு அனுப்புகிறோம். கேட்டது புரியாத பெரியவர்களை எங்கே அனுப்புவது?

பூசை முடிந்ததும் அருள்மேரியைச் சுற்றிக் கூட்டம். அவருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

“பாத்தீங்களாக்கா? ஒரு எடத்துலகூட நிக்கல. வாசகக் குழுவுல சேத்துக்கறோம்னுட்டாங்க. சனிக்கிழம காலைலதான் பயிற்சியாம். இனிமே அந்த க்ளாஸ் எதுக்குக்கா… பாப்பாதான் நல்லா படிக்குதே.”

வாயைத் திறந்தேன். அம்மாவுக்குப் பின்னால் நின்ற ஜெசிந்தா, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினாள். மூடிக்கொண்டேன்.

செருப்பு விடுகிற இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

“புக்குல இருந்தது வேற வாசகம். தெரியுமா?”

“தெரியும் மிஸ். மொதல்ல குனிஞ்சு பாத்தேன்ல, அப்பவே கொஞ்சம் படிச்சிட்டேன். அது ஒரு பொம்பளையப் பத்தி. அவங்களுக்குப் புள்ள பொறக்கப் போவுது, வலில கத்தறாங்க. மழையே இல்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்புறம் ஏன் அதைப் படிக்கல?”

“அம்மா எதிர்லயே உக்காந்து, நான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாய அசைக்க ஆரம்பிச்சிட்டாங்க மிஸ். நான் மாத்திப் படிச்சா அவங்க பயந்துட மாட்டாங்களா?”

“க்ளாஸுக்கு வருவியா?”

“வரணும்னுதான் இருக்குது. எதுக்குன்னு அம்மா கேட்டா இன்னா சொல்றது மிஸ்?”

அத்தனை பேர் முன்னால், யார் துணையும் இல்லாமல், இதுவரை பார்த்தே இராத ஒரு பத்தியைப் படித்து, அதில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். இதற்காகத்தானே இத்தனை சனிக்கிழமை உட்கார்ந்தோம்? பாராட்டு மொத்தமும் வேறொன்றுக்குப் போய்விட்டது. அந்தப் பாராட்டோடு வகுப்பும் போய்விட்டது. இன்னும் கொஞ்ச காலம் வந்திருந்தால்… என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அடுத்த வருஷம் எட்டாவது. பாடப் புத்தகத்தை செல்போனில் ஓடவிட்டு எத்தனை பக்கத்தை மனப்பாடம் செய்வாள்?

அருள்மேரியிடம் போய்ச் சொல்லிவிடலாம்தான். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் கால் நகரமாட்டேன் என்கிறது. நேற்று சனிக்கிழமை. ஜெசிந்தா வரவில்லை.

படிக்கத் தெரியாததை மறைக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். படித்துப் புரிந்துகொண்டதை மறைக்க வேண்டிவந்த பிள்ளை… இவள் ஒருத்திதான்.