தலீலாவின் வலது காது

வலது காதை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொடுப்பார் டாக்டர் தலீலா. முழங்கை வரை சோப்பு நுரை. கையால் எதையும் தொடக்கூடாது. அதனால் கைபேசியை அவர் காதோடு ஒட்டிப் பிடிக்கும் வேலை, அறுவை அறைத் தாதியான எனக்கு. பதினொரு வருடமாகப் பிடிக்கிறேன். மறுமுனையில் அவருடைய மூத்த பையன். “கொண்டைக்கடலைய ஊறப் போட்டியா? தங்கச்சியோட கணக்கு நோட்ட நீ தொடாத, தப்புத் தப்பா சொல்லிக் குடுப்ப. வெச்சிடறேன், இங்க ஒரு கண்ணு காத்துக்கிட்டிருக்கு.” பிறகு உள்ளே போய், தலைமுடியைவிட மெல்லிய நூலால் அந்தக் கண்ணைத் தைப்பார். கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

அவர் கணவர் முன்ஸிஃபும் எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகர ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர்தான். இருவரும் ஒரே வருடம் படித்து முடித்தவர்கள். மதிப்பெண் தலீலாவுக்குத்தான் கூடுதல். முன்ஸிஃபின் காது மட்டும் எப்போதும் நேராகவே இருக்கும். பிள்ளைகளின் பள்ளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் அவருடைய தாதி மனப்பாடமாகச் சொல்வாள்: “டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு.” அவர் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாலும் அதே பதில்தான்.

பெருநாள் கழிந்ததும் கண் பிரிவின் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு இவர்கள் இருவர் பெயரும் போயிருக்கிறது. இயக்குநர் என் காதுபடவே சொன்னார்: “தலீலா கெட்டிக்காரிதான். ஆனா மூணு மணியானா பையத் தூக்கிட்டுக் கிளம்பிடறாங்க. முன்ஸிஃபப் பாருங்க, இருட்டற வரைக்கும் இருக்காரு.” தலீலா மூன்று மணிக்குப் போவதால்தான் அவரால் இருட்டும் வரை இருக்க முடிகிறது. அதைச் சொல்ல முடியாமல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரமழான் வந்தால் எங்கள் ஆண் மருத்துவர்களுக்குத் திடீரென்று கடமையுணர்ச்சி பொங்கும். பிற்பகல் பணிக்குப் பெயரெழுதும் தாளை ஒட்டியதும் முண்டியடிப்பார்கள். அடுப்படிப் பக்கம் தலைகாட்டாமல், நோன்பு திறக்கும் பாங்குக்குச் சரியாக மேசை முன் போய் உட்கார இதைவிட நல்ல வழி கிடையாது.

இந்த வருடம் தாளில் பசை காயுமுன் தலீலா பேனாவோடு நின்றார். அத்தனை பிற்பகலிலும் ஒரே பெயர். பின்னால் வந்த முன்ஸிஃப் அதை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

“என்ன தலீலா இது? அப்ப வீட்ல யாரு சமைக்கிறது?”

“பசிக்கிறவங்க சமைப்பாங்க. இயக்குநர் கையெழுத்துப் போட்டாச்சு.”

தாதிகள் நாங்கள் சுவரைப் பார்த்துச் சிரித்தோம்.

நேற்று பாங்குக்கு அரை மணி இருக்கும்போது, கண்ணில் இரும்புத் துகள் தைத்த பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். தலீலா கை கழுவிக்கொண்டிருந்தார். கைபேசி அடித்தது. பழக்கதோஷம், எடுத்துப் பிடித்தேன். முன்ஸிஃபின் குரல் எனக்கே கேட்டது.

“தலீலா, ப்ரிக் மாவுத்தாள மடிச்சா உள்ள இருக்கற முட்டை ஒழுகுது. எண்ணெய்ல போட்டா வெடிக்குது. பிள்ளைங்க மேசைல உக்காந்தாச்சு. சீக்கிரம் சொல்லு.”

தலீலாவின் காது வழக்கம்போல் என் கையை நோக்கிச் சாய்ந்தது. நுரை வழியும் விரல்கள் நின்றன. முகக்கவசத்துக்குள் உதடு அசைவது தெரிந்தது. இன்று முட்டைக்குப் பதில் சொன்னால் நாளை மூன்று மணிக்குப் பையைத் தூக்க வேண்டியதுதான், நாற்காலியும் போய்விடும்.

“டாக்டர் ஆபரேஷன்ல இருக்காங்க” என்றேன் நான்.

“நான் அவ புருஷன்மா.”

“தெரியும் டாக்டர். ஆபரேஷன்ல இருக்காங்க.”

தலீலா முழங்கையால் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டு, காதை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார்.