கொடியும் பாயும்

பல்கலைக்கழகம் ஒன்று இலக்கியம், வரலாறு, இசை, ஓவியம் என்று மாதத்துக்கு ஒரு பொது விரிவுரையை ஊர் ஊராக நடத்தி வந்தது. கற்பிட்டியில் ஓவியம் பற்றிய விரிவுரை. பேசவரும் பேராசிரியரைப் புத்தளம் பஸ் நிலையத்திலிருந்து கூட்டிவரும் ஹயர் ஓட்டம் என் வேனுக்குக் கிடைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கியவரின் கையில் வெள்ளைப் பிரம்பு இருந்தது. அவருக்குக் கண் தெரியாது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

வேனில் வரும்போது கேட்டேவிட்டேன். "சேர், படத்தைப் பத்தியா பேசப் போறீங்க?"

"ஓம் தம்பி. நாற்பது வயசு வரைக்கும் நல்லாப் பார்த்தனான்" என்றார்.

மண்டபத்தில் ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் நிறைந்திருந்தார்கள். அவரை மேடையில் ஏற்றிவிட்டு, திரும்ப இறக்க வேண்டுமே என்று முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தேன். திரையில் ஒரே ஒரு படம். இருண்ட கடல், அதில் ஒரு பாய்க்கப்பல்.

அவர் திரைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு சொல்லத் தொடங்கினார். இடது மூலையில் உருண்டு கிடக்கும் பீப்பாய். அதற்குப் பக்கத்தில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிய ஒருவன், அண்ணாந்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி மூன்று பேர். அவர் சொல்லச் சொல்ல என் கண் பின்னாலேயே போனது. ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்குக் கண் இருந்தும், அவர் சொன்ன பிறகுதான் அவையெல்லாம் தெரிந்தன.

"புயல் ஓய்ஞ்சிட்டுது. தப்பினவன் ஆண்டவனுக்கு நன்றி சொல்றான்" என்று முடித்தார்.

கேள்வி கேட்கச் சொன்னார்கள். யாரும் எழும்பவில்லை. எனக்கு என்ன வந்ததோ, எழும்பிவிட்டேன். வேன் எடுப்பதற்கு முன் பதினைந்து வருடம் வாப்பாவோடு பாய்த்தோணியில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவன் நான்.

"சேர், பாய் வலப்பக்கம் ஊதியிருக்கு. உச்சியில உள்ள கொடி இடப்பக்கம் பறக்குது."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்கோ."

"ஓம் சேர். சின்னக் கொடி. இடப்பக்கம்தான்."

"கடலில அப்பிடி நடக்குமா?"

"ஒருக்கா கண்டிருக்கேன். மேல ஒரு காத்து, கீழ ஒரு காத்து. புயல் ஓயல்ல சேர், இனித்தான் வரப்போகுது. கொஞ்ச நேரத்துல பாய் கிழிஞ்சிடும்."

நான் வாயைக் கொடுத்திருக்கக் கூடாதோ என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். அவர் மெல்லத் திரும்பி, தன்னால் பார்க்க முடியாத அந்தத் திரையை நோக்கி முகத்தை வைத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா இதைப் புயல் ஓய்ஞ்ச படம் எண்டுதான் படிப்பிச்சனான். அந்தக் கொடியை நான் கவனிக்கேல்லை. இவர் சொல்றதுதான் சரி. திரும்பத் தொடங்குவம்" என்றார்.

மறுபடியும் பீப்பாயிலிருந்து தொடங்கினார். அதே படம், அதே ஆட்கள். ஆனால் இப்போது நனைந்த சட்டைக்காரன் நன்றி சொல்லவில்லை. அவன் கொடியைப் பார்க்கிறான். கப்பலில் அவன் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியும். கயிறு பிடித்திருப்பவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. அவ்வளவு படித்த ஒருவர், அத்தனை பேருக்கு முன்னால், கொஞ்சமும் கூசாமல் தன் இருபது வருடத்தை இப்படித் திருப்பிப் போடுவதை நான் அதுவரை கண்டதில்லை.

திரும்பி வரும்போது, "நான் குறுக்க கதைச்சது பிழையா சேர்?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. நீங்கள் சொல்லாட்டில் அந்த நனைஞ்ச சட்டைக்காரனை நான் விளங்காமலே போயிருப்பன்" என்றார். பிறகு பாலாவிச் சந்தி வரும்வரை தோணியையும் காற்றையும் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் இசை பற்றிய விரிவுரை. ஹயர் இல்லாமலே போனேன். ஒரு கதிரையில் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த பெண், "நீங்க ஸ்கூல் மாஸ்டரா?" என்று கேட்டார்.

"இல்ல, வேன் ஓடுறேன்" என்றேன். அவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இடம் விட்டார்.