பார்வதியக்காவின் மூன்றாவது மருந்து

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. "இன்றைக்கு சிஸ்பிளாட்டின் வேண்டாம். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் ரேடியேஷன் மட்டும்தான்" என்று சிங்களத்தில் சொன்னார்.

அப்போது நான் பதுளையில் புற்றுநோய் வார்டில் தாதி. பார்வதியக்கா நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. வாரத்தில் ஐந்து நாள் ரேடியேஷன், ஒரு நாள் சிஸ்பிளாட்டின். கதிர் கட்டியை நன்றாகத் தாக்க அந்த மருந்து துணை செய்யும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பதால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வோம். ஐந்தில் இரண்டு மருந்துதான் ஏறியிருந்தது.

"அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேங்க மிஸ்ஸி."

ஒவ்வொரு வாரமும் இதே பதில்தான். நானும் அப்படியே எழுதி வைத்தேன். ரேடியேஷன் கொடுக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடலில் கதிர் அதிகம் படாது. ஆனால் அன்று காலை ரேடியேஷன் அறையிலும் அவருடைய மூத்திரப்பை நிறையவில்லை என்று குறை சொல்லியிருந்தார்கள். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"காலையில இருந்து எவ்வளவு குடிச்சீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு மொடக்கு. ரெண்டு மணித்தியாலம் பஸ்ஸுல வரணும். நடுவுல எங்க எறங்குறது? மலையில கொழுந்து எடுக்கையிலயும் அப்படித்தான் மிஸ்ஸி. லயத்து வீட்டுக்கு வந்தாத்தான் ஒதுங்க எடம். பழகிப் போச்சு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் அப்புத்தளைத் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். அவரிடம் ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிகிச்சை முடியும்வரை வார்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கட்டில் இல்லை என்றார். ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் திரும்பிப் போனேன், கழிப்பறைக்குப் பக்கத்துக் கட்டில். சேலைன் ஏற்றினோம். தலைமாட்டில் இரண்டு போத்தல் தண்ணீர் வைத்து, தீரத் தீர நிரப்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை கிரியாட்டினின் இறங்கியிருந்தது. மூன்றாவது மருந்து ஏறியது. பிறகு நான்காவது. தவறிய வாரத்துக்கு ஈடாகக் கடைசியில் ஐந்தாவதையும் கொடுத்தோம்.

அதற்குள் அக்கா வார்டுக்கே கங்காணி ஆகியிருந்தார். புதிதாக வந்த ஒருத்தியை அவர் அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது: "ஏ புள்ள, போத்தலக் காட்டு! மூடியே தொறக்கலயா? கக்கூஸு இந்தா கிட்டத்துல இருக்கு, வெக்கப்படாமக் குடி!"

கர்ப்பப்பைக்குள் கருவியை வைத்துக் கொடுக்கும் ரேடியேஷனும் முடிந்து, மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில், "கட்டி இல்ல. ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஒண்ணுமே இல்லையா மிஸ்ஸி?" அக்கா என்னிடம் மூன்று தடவை கேட்டார். பிறகு கிளினிக்கே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். இப்போதும் செக்கப்புக்கு வருகிறார். போன தடவை பேத்தியைக் கூட்டி வந்தார்.

தாதி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எந்த பஸ்ஸில் வருகிறார்கள், வழியில் எங்கே இறங்க முடியும் என்று கேளுங்கள். பதிலை எழுதிக்கொண்டு, அப்புறம் கட்டில் தேடப் போங்கள்.