வேலு கேட்ட லீவு

பழவேற்காடு கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரோஸ்மேரிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆங்கிலத்தில் லீவு மனு அடிக்கும்போது, எழுத்தின் தலைக்கு மேல் போடும் சின்னக் கொக்கியை, அந்த அப்பாஸ்ட்ரபியை, விடவே மாட்டாள். ஒரு நாள் லீவு என்றால் ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால். பல நாள் என்றால் பின்னால். அது இல்லாமலும் லீவு கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம் வேலு வந்தான். அவள் ஊர்க்காரன், பொன்னேரி ஹாஸ்டலில் படித்து, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். அப்பா இறந்தபின் ஏரியில் அவர் வலைகட்டும் முறை, அதாவது பாடு, அவனுக்கு வந்திருந்தது. பெயர் கூப்பிடும்போது முறைக்காரன் கரையில் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அன்றைய இடம் அடுத்த முறைக்காரருக்கு. இரண்டு சுற்று தவறினால் பெயரே போய்விடும். போன சுற்றில் விடியற்காலையில் அவன் போனபோது அந்த இடத்தில் அடுத்த முறைக்காரர் கோதண்டத்தின் வலை கிடந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லித் திரிந்தான்.

“வெள்ளிக்கிழமை நம்ம பாடு. ஒரு நாள் லீவுனு அடிக்கா.”

கொக்கியை முன்னால் போடப்போன ரோஸ்மேரி விரலை நிறுத்தினாள்.

“வெள்ளிக்கிழமைப் பாடு எப்ப ஆரம்பிக்குது?”

“வெள்ளிக்கிழமைதான். இன்னாக்கா கேள்வி இது?”

“வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துலடா. ஏரிக்குப் பொழுது சாஞ்சாத்தான் நாளு பொறக்கும். துறைமுக கேட்டுல கார்டு காட்டிக் காட்டி உனக்கு எல்லாமே காலையில ஆரம்பிக்குது. நாளைக்கு இன்னா ஷிப்டு?”

“மத்தியான ஷிப்டு.” சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “அப்ப கோதண்டம் மாமா ஏமாத்தலையா?”

“அவரு சரியாத்தான் வந்தாரு. நீதான் தூங்கி எழுந்து போன.”

இரண்டு நாள் என்று மாற்றினாள். கொக்கி ‘எஸ்’ஸுக்குப் பின்னால் போனது.

வியாழன் மாலை கடையை மூடிவிட்டு அவள் கரை வழியாக நடந்தாள். அடுத்த முறைக்காரரான கோதண்டம், தோளில் வலையோடு காத்திருந்தார். பெயர் கூப்பிட்டதும் வேலு முன்னால் வந்தான்.

“இன்னா மாப்ள, இந்த வாட்டி சாயங்காலமே விடிஞ்சிருச்சா?”

“விடிஞ்சிருச்சு மாமா. நீ போய்ப் படு.”

கோதண்டம் வலையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வேலுவின் வலையில் அன்று பெரிதாக ஒன்றும் விழவில்லை. கொஞ்சம் மடவை மீன், ஒரு கூடைக்கும் குறைவாக இறால். ஆனால் அடுத்த சுற்றிலும் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள்.