பொத்தான் கிடங்கில் பதினான்கு மாதம்

ரூபே என்னும் பிரெஞ்சு நகரில் சட்டை தைக்கும் எங்கள் ஆலையில் மோரிசெத் தெலாத்ர் எனக்கு அடுத்த மெஷினில் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் கையைத் தூக்கி மேஸ்திரியிடம் பித்தளை வில்லை வாங்க வேண்டும். நூற்றுப்பத்துப் பெண்களுக்கு இரண்டே வில்லை. கர்ப்பிணிகளும் காத்துக் கிடந்தோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு மே மாதம் நாடெங்கும் வேலைநிறுத்தம் பரவியது. மேஸ்திரி கையிலிருந்த வில்லைகளைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தாள் மோரிசெத். பதினெட்டு நாள் ஆலையை விட்டு நாங்கள் வெளியேறவில்லை. வீட்டில் யார் சமைப்பது என்று அவள் புருஷன் வாசலில் நின்று சத்தம் போட்டான். அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"உருளைக்கிழங்கு கூடையில இருக்கு. கத்தி இருக்கிற இடம் உனக்குத் தெரியும்."

மறுநாள் எங்கள் எல்லோருக்கும் ஓர் அண்டா சூப்போடு வந்து நின்றான். உப்புதான் இல்லை.

கூலி கூடியது, வில்லை ஒழிந்தது. மோரிசெத்தை எங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தோம். பிரதிநிதியை வேலையை விட்டு நீக்க அரசாங்கத் தொழிலாளர் ஆய்வாளரின் அனுமதி வேண்டும். அது கிடைக்காது என்பதால் முதலாளி அவளை ஜன்னலில்லாத பழைய பொத்தான் கிடங்கில் தனியாக உட்காரவைத்தார். வேலை எதுவும் தரவில்லை. மாதாமாதம் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நிற்பார்.

"ஒரு கையெழுத்துதான், மேடம். ஏன் வீணா கஷ்டப்படறீங்க?"

"உட்கார வெச்சு சம்பளம் குடுக்கறீங்க. உங்க அப்பா காலத்துல இந்த மரியாதை எனக்குக் கிடைக்கலையே."

என்னிடம் மட்டும் ஒருநாள், கைக்குத் தையலே மறந்துவிடும் போலிருக்கிறது என்று சொல்லி அழுதாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல வந்துவிட்டாள்.

அதன்பின் மதியச் சாப்பாட்டை நாங்கள் எல்லோரும் கிடங்குக்கே கொண்டுபோனோம். நாங்கள் சாப்பிடும்போது எங்கள் புகார்களை அவள் எழுதிக்கொள்வாள். தொழிலாளர் சட்டத்தை வரிவரியாகப் படித்தாள். அவளே ஆய்வாளருக்கு எழுதினாள். பதினான்காம் மாதம் அவர் நேரில் வந்து பார்த்து, அவளைப் பழைய இடத்தில் உட்காரவைக்கும்படி எழுத்தில் உத்தரவிட்டார்.

அவள் உள்ளே வந்தபோது எல்லா மெஷின்களும் நின்றன. மேஸ்திரி அதட்டியும் ஒருத்தியும் குனியவில்லை. அவள் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். முதல் காலர் கோணலாக வந்தது. பிரித்து மறுபடி தைத்தாள்.

அடுத்த பிரதிநிதித் தேர்தலில் மேஸ்திரி மோரிசெத்தை எதிர்த்துத் தன் ஆளொருத்தியை நிறுத்தினார். அந்தப் பெண்ணுக்கு விழுந்தது மூன்றே ஓட்டு. போட்டது யாரென்று எல்லோருக்கும் தெரியும். அந்த மூவரையும் கேலி செய்யக் கிளம்பிய என்னை மோரிசெத் தடுத்தாள்.

"அவங்களுக்கும் குறை இருக்கும். முதல்ல போய் அதைக் கேட்டு எழுதிட்டு வா."