பனிக்கு டாக்டர் சீட்டு

பாலக்காட்டுப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் விடுதியில் நான் அட்டெண்டர். எழுபதுகளில் நான்கு வார்டன்கள் வந்து போனார்கள். பட்டமும் பங்குச் சாமியாரின் கடிதமும் இருந்தால் வேலை கிடைத்துவிடும். புது ஆளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கும்படி பிரின்சிபல் அச்சன், அதாவது பாதிரியார், என்னிடம் சொல்வார். நாலாம் வகுப்புப் படித்த நான் எம்.ஏ. படித்தவருக்குச் சாவிக்கொத்து, மணி அடிக்கும் நேரம், லீவுப் பதிவேடு எல்லாம் காட்டுவேன்.

நான்காவது வார்டன் கோட்டயத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் தமிழ் தெரியாது. விடுதியில் பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறையிலும் பீர்மேட்டிலும் இருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகள். இன்டர்வியூவில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து, பீர்மேட்டு எஸ்டேட் பையன் ஒருவன் இரண்டு நாள் தாமதமாக வந்தான். வார்டன் காரணம் கேட்டார்.

"பனி சார்."

மலைப்பாதை தெரியாத அளவு பனி, இரண்டு நாளும் பஸ் இறங்கவில்லை. அதைத்தான் அவன் சொன்னான். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். வார்டன் டாக்டர் சீட்டு கேட்டார்.

"எனக்கு என்ன சார், நல்லாத்தானே இருக்கேன்."

பொய் சொல்லி மாட்டிக்கொண்டான் என்று அவனை விடுதியிலிருந்து நீக்க அச்சனுக்குக் கடிதம் எழுதிவிட்டார். விடுதி போனால் அவன் படிப்பும் போயிற்று. வராந்தாவில் நின்று எல்லாம் கேட்டேன். படித்தவர் பேச்சில் நுழைய எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அச்சன் அறைக்குப் போனேன். வார்டன் பக்கத்தில் பையன் தலைகுனிந்து நின்றிருந்தான். எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அச்சோ, அது காய்ச்சல் இல்லீங்க. மஞ்சுங்க."

மஞ்சு என்றால்தான் மலையாளிகளுக்குப் பனி. அச்சன் சிரித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்தார். இதை ஏன் முதலிலேயே சொல்லித்தரவில்லை என்று வார்டன் என்மேல் கோபப்பட்டார். வெளியே வந்ததும் பையனும் விடவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமில்லண்ணே. பெட்டியெல்லாம் கட்டி வச்சிட்டேன்."

அந்தச் சூட்டிலேயே திரும்பிப் போய், அடுத்த தடவை தமிழ் தெரிந்தவரை எடுக்கும்படி அச்சனிடம் கேட்டேன். அதற்குத்தான் நீ இருக்கிறாயே என்றார். இருக்கிறேன், வராந்தாவில்.

ஜூனில் ஐந்தாவது வார்டன் வந்தார். அவருக்கும் தமிழ் தெரியாது. இந்தத் தடவை சாவிக்கொத்தைக் கொடுக்கும் முன்பே, "சார், பனி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் பதறி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மருந்து வாங்கினாயா என்று கேட்டார்.